முகாமுக்கு மேலே நின்ற விண்கலம்: ‘டிஸ்ட்ரிக்ட் 9’ பேசும் அரசியல்

தகரக் கொட்டில் ஒன்றின் கதவு தட்டப்படுகிறது. வாசலில் நிற்பவரின் கையில் படிவமும் பேனையும். பின்னால் ஆயுதம் தாங்கியவர்கள். பக்கத்தில் ஒரு கமரா. வேறிடத்துக்கு மாற்றப்போகிறோம், 24 மணித்தியால முன்னறிவித்தல் இது, இதில் கையொப்பம் வைக்கவேண்டும் என்று வந்தவர் விளக்குகிறார். உள்ளே இருப்பவருக்கு விடயம் விளங்கவில்லை. எரிச்சலில் படிவத்தைக் கையால் தட்டிவிடுகிறார். அந்தத் தட்டில் விழுந்த அடையாளமே கையொப்பமாக ஏற்றுக்கொள்ளப்படுகிறது. அதிகாரி அடுத்த கொட்டிலுக்குப் போகிறார்.

கொட்டிலுக்குள் இருந்தவருக்கு இறாலைப் போன்ற முகம். அவர் வேற்றுக்கிரகவாசி. 2009 இல் வெளியான ‘டிஸ்ட்ரிக்ட் 9’ என்ற படத்தில் வரும் காட்சி இது. ஜொஹன்னஸ்பேர்க்கில் பிறந்து பதின்ம வயதின் இறுதியில் கனடாவுக்குக் குடிபெயர்ந்த நீல் புளொம்காம்ப் இயக்கிய முதல் முழுநீளப் படம். ‘லோர்ட் ஒஃப் த ரிங்ஸ்’ படங்களின் இயக்குநர் பீற்றர் ஜக்சன் இதைத் தயாரித்தார். ஏறத்தாழ 3 கோடி டொலரில் எடுக்கப்பட்டு, உலகெங்கும் 21 கோடி டொலருக்கு மேல் வசூலித்தது. சிறந்த படம் உட்பட நான்கு ஒஸ்கார் விருதுகளுக்குப் பரிந்துரைக்கப்பட்டது.

விண்கலம், துப்பாக்கிச் சண்டை, வெடிப்பு எல்லாம் இதில் உண்டு. பொழுதுபோக்குப் படமாகப் பார்த்துவிட்டு எழும்பிப் போகலாம். ஆனால், முகாமில் வரிசையில் நின்றவர்களுக்கும், விளங்காத மொழியில் எழுதிய தாளில் ஒப்பமிட்டவர்களுக்கும் இந்தப் படம் வேறொன்றைச் சொல்லும். ‘அந்நியர்’ என்ற ஒருவர் எங்கிருந்தோ வந்து இறங்குவதில்லை; வேலி, படிவம், பெயர் ஆகியவற்றைக் கொண்டு அவரை நிர்வாகம் உருவாக்குகிறது என்பதே அது.

வானத்தைக் காட்டி ஊரைப் பேசுதல்

‘ஏலியன்’ என்ற ஆங்கிலச் சொல்லை நாங்கள் சினிமாவிலிருந்தே அறிந்தோம். ஆனால், அது சட்டப் புத்தகத்துச் சொல். ஒரு நாட்டில் இருந்துகொண்டு அந்நாட்டின் பிரஜையாக இல்லாதவரை அது குறிக்கும். அமெரிக்காவின் குடிவரவுச் சட்டங்களில் நீண்டகாலமாக இருந்துவருவது. வேற்றுக்கிரகவாசிகளைப் பற்றிய கதைகளுக்குள் வேற்று மனிதர்களைப் பற்றிய பயம் ஒளிந்திருப்பதற்கு இந்தச் சொல்லே ஒரு சாட்சி.

இந்த வகைக் கதைகளுக்கு வழிவகுத்தவர் ஆங்கில எழுத்தாளர் எச்.ஜி. வெல்ஸ். 1898 இல் நூலாக வந்த அவருடைய நாவலில் செவ்வாய்க் கிரகத்தவர் இங்கிலாந்தைத் தாக்குகிறார்கள். ஐரோப்பியக் குடியேறிகள் தாஸ்மேனியாவின் பூர்வகுடிகளை அழித்ததை வெல்ஸ் முதல் அத்தியாயத்திலேயே நினைவூட்டுகிறார். நாங்கள் பிறருக்குச் செய்ததை எங்களுக்கு ஒருவர் செய்தால் எப்படியிருக்கும் என்பதே அவர் தன் நாட்டவரிடம் வைத்த கேள்வி.

ஹொலிவூட் இந்தக் கேள்வியைக் காலத்துக்கு ஏற்ப மாற்றிக்கொண்டது. 1951 இல் வந்த ‘த டே த ஏர்த் ஸ்ரூட் ஸ்ரில்’ படத்தில், சமாதானம் பேச வொஷிங்டனில் இறங்கும் விருந்தாளியைப் பதற்றமடைந்த சிப்பாய் ஒருவர் சுட்டுவிடுகிறார். அணுவாயுதப் போட்டியைப் பற்றிய எச்சரிக்கை அது. 1956 இல் வந்த ‘இன்வேஷன் ஒஃப் த பொடி ஸ்னாட்சர்ஸ்’ படத்தில், அயலவர்களின் உருவில் வேறு யாரோ நடமாடத் தொடங்குகிறார்கள். அது கம்யூனிசத்தைப் பற்றிய பயமா, அல்லது கம்யூனிஸ்ட் வேட்டை என்ற பெயரில் அமெரிக்காவில் நடந்த கெடுபிடிகளைப் பற்றிய பயமா என்று இன்றும் விவாதிக்கிறார்கள். 1988 இல் வெளியான ‘ஏலியன் நேஷன்’ படத்தில் வேற்றுக்கிரகவாசிகள் லொஸ் ஏஞ்சல்ஸில் குடியேறிய அகதிகள்.

இந்தப் படங்களில் பெரும்பாலானவை அமெரிக்க நகரங்களில் நிகழ்பவை. புளொம்காம்ப் விண்கலத்தை ஜொஹன்னஸ்பேர்க்குக்குக் கொண்டுவந்தார். இடம் மாறியதும் கதையின் பொருளும் மாறியது.

ஒன்பதுக்கு முன்னால் ஆறு

படத்தின்படி 1982 இல் பெரிய விண்கலம் ஒன்று ஜொஹன்னஸ்பேர்க்குக்கு மேலே வந்து அசையாமல் நிற்கிறது. யாரும் இறங்கவில்லை, தாக்கவுமில்லை. மாதக்கணக்கில் காத்திருந்து மனிதர்களே அதை வெட்டித் திறக்கிறார்கள். உள்ளே பட்டினியில் மெலிந்து, இருட்டில் நெருக்கியடித்துக் கிடக்கும் கூட்டம். உதவி என்ற பெயரில் அவர்களைக் கீழே இறக்கி விண்கலத்துக்கு நேர் கீழே தங்கவைக்கிறார்கள். தற்காலிக முகாமைச் சுற்றி வேலி எழுகிறது. பின்னர் காவல் வருகிறது. இருபத்தெட்டு ஆண்டுகளின் பின் அங்கே 18 லட்சம் பேர். நகரவாசிகளின் பொறுமை போய்விட்டது. அவர்களை நகரத்துக்கு வெளியே, ‘டிஸ்ட்ரிக்ட் 10’ என்ற புதிய முகாமுக்கு மாற்றும் வேலை எம்.என்.யு. என்ற தனியார் நிறுவனத்துக்குக் கொடுக்கப்படுகிறது.

படத்தின் பெயரைக் கேட்டதும் தென்னாபிரிக்கர் ஒருவருக்கு ‘டிஸ்ட்ரிக்ட் சிக்ஸ்’ ஞாபகம் வரும். கேப் டவுண் நகரின் மையத்தை அண்டியிருந்த அந்தப் பகுதியில் பல இனத்தவரும் மதத்தவரும் கலந்து வாழ்ந்தார்கள். 1950 இன் குழுப் பிரதேசங்கள் சட்டம் எந்த இனத்தவர் எங்கே வாழலாம் என்பதை அரசு தீர்மானிக்க வழிசெய்தது. 1966 பெப்ரவரி 11 இல் டிஸ்ட்ரிக்ட் சிக்ஸ் வெள்ளையருக்கான பகுதியாகப் பிரகடனம் செய்யப்பட்டது. சேரி, குற்றம், சுகாதாரக் கேடு என்பனவே அரசு சொன்ன காரணங்கள். 1982 அளவில் 60,000 க்கும் மேற்பட்டோர் கேப் ஃபிளற்ஸ் எனப்படும் மணற்பாங்கான வெளிப்புறத்துக்குத் துரத்தப்பட்டிருந்தார்கள். வீடுகள் புல்டோசரால் தரைமட்டமாக்கப்பட்டன. தேவாலயங்களும் பள்ளிவாசல்களும் மட்டும் வெட்டவெளியில் எஞ்சின. வெளியேற்றப்பட்டவர்களின் நிலத்தில் பெரும்பகுதி பல பத்தாண்டுகள் வெறுமையாகவே கிடந்தது.

படத்தில் விண்கலம் வந்து நின்றதும் அதே 1982 இல்தான்.

இது ஓரிடத்தில் மட்டும் நடந்ததல்ல. ஜொஹன்னஸ்பேர்க்கின் சோஃபியாற்றவுணிலிருந்த கறுப்பின மக்கள் 1955 முதல் சொவெற்றோவின் மெடோலண்ட்ஸுக்கு ஏற்றிச்செல்லப்பட்டார்கள். காலியாக்கிய இடத்தில் வெள்ளையருக்கு வீடு கட்டி, அதற்கு ‘ட்றியோம்ஃப்’ என்று பெயர் வைத்தார்கள். ஆபிரிக்கான்ஸ் மொழியில் ‘வெற்றி’ என்று அர்த்தம். டர்பனில் கேற்றோ மேனர் பகுதியிலிருந்த இந்திய வம்சாவளியினரும் இதே சட்டத்தின் கீழ் வெளியேற்றப்பட்டு, பலர் 1960 களில் சற்ஸ்வேர்த்துக்கு அனுப்பப்பட்டார்கள். கரும்புத் தோட்டங்களுக்கு ஒப்பந்தக் கூலிகளாகச் சென்ற தமிழர்களின் சந்ததியினர் அவர்களில் கணிசமானோர்.

உண்மையான பதில்கள், மாற்றிய கேள்வி

படத்தின் தொடக்கம் செய்தி ஆவணப்படம் போல இருக்கும். வீதியில் போகிறவர்கள் கமராவைப் பார்த்து, அவர்கள் திருடுகிறார்கள், அவர்களுக்காக ஏன் இவ்வளவு செலவு, எங்காவது அனுப்பிவிடுங்கள் என்ற தொனியில் பேசுவார்கள். இந்த உத்தியைப் புளொம்காம்ப் முதலில் கையாண்டது 2006 இல் வந்த ‘அலைவ் இன் ஜோபேர்க்’ என்ற ஆறு நிமிடக் குறும்படத்தில். அதற்காக ஜொஹன்னஸ்பேர்க் மக்களைச் சந்தித்து, சிம்பாப்வே முதலிய அயல்நாடுகளிலிருந்து வந்திருப்பவர்களைப் பற்றிக் கேட்டார். அவர்கள் சொன்ன பதில்களை வேற்றுக்கிரகவாசிகளைப் பற்றிய பதில்களாகப் படத்தில் வைத்தார். ஒரு சொல்லையும் மாற்றத் தேவைப்படவில்லை.

நிறவெறி ஆட்சி 1994 இல் முடிந்தபின், ஆபிரிக்காவின் பல பாகங்களிலிருந்தும் பிழைப்புத் தேடியும் உயிருக்குப் பயந்தும் மக்கள் தென்னாபிரிக்காவுக்கு வந்தார்கள். ஒருகாலத்தில் தாமே பாஸ் புத்தகத்துடன் நடமாடவேண்டியிருந்த கறுப்பின மக்களில் ஒரு பகுதியினர், புதிதாக வந்தவர்களை ‘மக்வெரெக்வெரெ’ என்று அழைத்தார்கள். விளங்காத மொழி பேசுகிறவர்களைக் கேலிசெய்யும் சொல் அது. 2008 மே மாதத்தில் ஜொஹன்னஸ்பேர்க்கின் அலெக்ஸான்ட்ரா குடியிருப்பில் மூண்ட வன்முறை நாடெங்கும் பரவியது. 62 பேர் கொல்லப்பட்டார்கள்; பல்லாயிரக்கணக்கானோர் இடம்பெயர்ந்தார்கள். இறந்தவர்களில் 21 பேர் தென்னாபிரிக்கப் பிரஜைகள். வழிமறித்தவர்கள் சிலரிடம் முழங்கைக்கு சூலு மொழியில் என்ன சொல் என்று கேட்டார்கள். சொல்லத் தெரியாதவர் அந்நியர் என்று முடிவானது. 1983 இல் வாளியைக் குறிக்கும் சிங்களச் சொல்லை உச்சரிக்கச் சொல்லிக் கேட்கப்பட்டவர்களுக்கு இதற்கு மேல் விளக்கம் வேண்டியதில்லை.

அந்த ஆண்டின் நடுப்பகுதியில்தான் படப்பிடிப்பும் நடந்தது. இடம் சொவெற்றோவின் சியாவெலோ. படத்தில் தெரிகிற கொட்டில்களில் பெரும்பாலானவை செற் அல்ல. மக்கள் வாழ்ந்து, அரச வீட்டுத்திட்டத்துக்கு மாற்றப்பட்ட இடத்தில் எஞ்சியிருந்த உண்மையான கொட்டில்கள். வெளியேற்றத்தைப் பற்றிய படம் வெளியேற்றம் நடந்த இடத்திலேயே எடுக்கப்பட்டது.

படத்தில் வெள்ளையரும் கறுப்பினத்தவரும் ஒரு விடயத்தில் ஒத்துப்போகிறார்கள்: இறால்கள் போகவேண்டும். பழைய பகைகளை மறக்கவைக்கப் புதிதாக ஓர் அந்நியர் கிடைத்துவிட்டார். ஒடுக்கப்பட்டிருந்தது ஒடுக்காமலிருக்கத் தரும் உத்தரவாதமல்ல என்பது இந்தப் படம் சொல்லும் கசப்பான செய்தி. எங்களுக்கும் அதில் பாடம் உண்டு.

பெயரும் படிவமும்

வேற்றுக்கிரகவாசிகளை எல்லோரும் ‘இறால்’ என்றே அழைக்கிறார்கள். ஜொஹன்னஸ்பேர்க்கின் வீட்டுத்தோட்டங்களில் ‘பார்க்ற்றவுண் இறால்’ என்றொரு பெரிய பூச்சி உண்டு. வெட்டுக்கிளி இனத்துக்கு உறவானது, பார்த்தாலே அருவருக்கிற பிராணி. அந்தப் பெயரில்தான் படத்தின் வசைச்சொல் பிறந்தது. அவர்களுடைய சொந்தப் பெயர் என்ன, தங்கள் இனத்தைத் தாங்கள் எப்படி அழைக்கிறார்கள் என்பது படம் முடியும்வரை எங்களுக்குத் தெரியவராது. முக்கிய பாத்திரமான வேற்றுக்கிரகத் தந்தைக்கு ‘கிறிஸ்தோபர் ஜோன்சன்’ என்று பெயர். அதிகாரிகளின் பதிவேட்டுக்காக மனிதர்கள் சூட்டிய பெயர். அவரும் அந்தப் பெயருக்கே திரும்பிப் பார்க்கவேண்டியிருக்கிறது.

வெளியேற்றத்துக்குத் தலைமைதாங்கும் விக்கஸ் வன் டி மேர்வ கொடியவராகத் தோன்றமாட்டார். சிரித்துப் பேசுவார், மனைவியின் படத்தை மேசையில் வைத்திருப்பார், ஆயுததாரிகளிடம் சுடவேண்டாம் என்றும் சொல்வார். ஆனால், முட்டைகள் வளர்க்கும் கொட்டில் ஒன்றுக்குத் தீ வைத்துவிட்டு, உள்ளே அவை வெடிக்கும் சத்தம் சோளப்பொரி பொரிவது போலிருக்கிறது என்று கமராவுக்கு விளக்குவார். ஒப்பமிட மறுக்கும் கிறிஸ்தோபரிடம், இந்தச் சூழல் பிள்ளை வளர்க்க உகந்ததல்ல என்று காரணம் காட்டி, மகனைப் பிரிக்கப்போவதாகப் பயமுறுத்துவார். எல்லாம் விதிமுறைப்படி. சிறுவர் நலச் சட்டம்கூட வெளியேற்றத்துக்கு ஒரு கருவியாகிவிடுகிறது. இந்தப் பாத்திரத்தில் நடித்த ஷார்ல்ற்றோ கோப்லி தன் வசனங்களில் பெரும்பகுதியைப் படப்பிடிப்பில் சுயமாகவே பேசினார். அதனால்தான் விக்கஸ் வில்லனைப்போல் தெரியாமல், எந்தக் கச்சேரியிலும் நாங்கள் காணக்கூடிய ஓர் உத்தியோகத்தராகத் தெரிகிறார்.

எம்.என்.யு. இந்த வேலையை எடுத்ததற்கு வேறொரு காரணமும் உண்டு. அது ஓர் ஆயுத உற்பத்தி நிறுவனம். வேற்றுக்கிரகவாசிகளின் ஆயுதங்கள் அவர்களுடைய உடலணுவுக்கு மட்டுமே இயங்கும். தேடுதலின்போது திரவம் ஒன்று பட்டு விக்கஸின் கை மாறத் தொடங்குகிறது. அந்தக் கையால் ஆயுதம் இயங்குகிறது என்று தெரிந்ததும், நேற்றுவரை அதிகாரியாக இருந்தவர் நிறுவனத்தின் சொத்தாகிறார். அவரை உயிரோடு அறுத்தெடுக்க மாமனாரே சம்மதிக்கிறார். தப்பியோடியவரைப் பற்றித் தொலைக்காட்சியில் அசிங்கமான பொய் பரப்பப்படுகிறது. அவருக்கு ஒளிந்துகொள்ள இருக்கும் ஒரே இடம், தான் காலிசெய்யப் போன அந்த முகாம்.

படம் சறுக்கிய இடம்

இவ்வளவும் சொன்ன படம் தானே ஓர் அந்நியரை உருவாக்கியது. முகாமுக்குள் பூனை உணவு ரின்களைக் கொள்ளை விலைக்கு விற்று, பதிலாக ஆயுதங்களை வாங்கும் கூட்டத்தை நைஜீரியர்களாகக் காட்டுகிறது. அவர்கள் கொடூரமானவர்கள், மந்திரத்தை நம்பி வேற்றுக்கிரகவாசிகளின் உடலை உண்கிறவர்கள். தலைவனின் பெயர் ‘ஒபெசாஞ்ஜோ’. நைஜீரியாவின் முன்னாள் ஜனாதிபதி ஒபசாஞ்ஜோவின் பெயரை ஒலியால் நினைவூட்டுவது. 2009 செப்ரெம்பரில் நைஜீரியாவின் தகவல் அமைச்சர் டோரா அகுன்யிலி படத்தை நிறுத்தும்படி திரையரங்குகளைக் கேட்டார். தயாரிப்பு நிறுவனம் மன்னிப்புக் கேட்கவேண்டும் என்றும் கோரினார்.

அவருடைய கோபத்தில் நியாயம் இருக்கிறது. வெளிநாட்டு ஆபிரிக்கர்களுக்கு எதிரான வன்முறை நடந்த நகரத்தில் எடுத்த படம், அப்படியொரு வெளிநாட்டினரையே குற்றக் கும்பலாகவும் நரமாமிசம் தின்பவர்களைப் போலவும் சித்திரித்தது. கற்பனைப் பிராணிக்குக் காட்டிய பரிவை உண்மையான மனிதர்களுக்குக் காட்டவில்லை.

இன்னொரு குறையும் உண்டு. வேற்றுக்கிரகவாசிகளின் துன்பம் எங்களைத் தொடுவது பெரும்பாலும் விக்கஸ் அவர்களில் ஒருவராக மாறத் தொடங்கிய பின்னரே. அதற்கு முன் இருபத்தெட்டு வருடம் அவர்கள் செய்திப்படத்தின் பின்னணி. ஆளும் தரப்பைச் சேர்ந்த ஒருவருக்கு அதே கதி நேரும்போதுதான் உலகம் திரும்பிப் பார்க்கும் என்பது யதார்த்தமா, அல்லது அதைச் சினிமாவும் சேர்ந்து நிலைநிறுத்துகிறதா? படம் இதற்குப் பதில் வைத்திருக்கவில்லை. பார்க்கும் நாங்கள் கேட்டுக்கொள்ளவேண்டிய கேள்வி இது.

அந்த ஓகஸ்ட் மாதம்

‘டிஸ்ட்ரிக்ட் 9’ 2009 ஓகஸ்ட் மாதம் திரைக்கு வந்தது. விளம்பரத்துக்காக அமெரிக்க நகரங்களின் பஸ் தரிப்பிடங்களில் ‘மனிதருக்கு மட்டும்’ என்ற அறிவித்தல்களை ஒட்டினார்கள். நிறவெறிக் கால ‘வெள்ளையருக்கு மட்டும்’ பலகைகளின் நகல் அது. மக்கள் அவற்றின் பக்கத்தில் நின்று படம் எடுத்துக்கொண்டார்கள்.

அதே ஓகஸ்டில் வன்னியிலிருந்து வெளியேறிய இரண்டரை லட்சத்துக்கும் மேற்பட்டோர் செட்டிகுளம் மெனிக் பாமிலும் ஏனைய முகாம்களிலும் முட்கம்பிக்குள் இருந்தார்கள். அரசு வைத்த பெயர் ‘நலன்புரிக் கிராமங்கள்’. வலயங்களுக்கு இராமநாதன், அருணாசலம், ஆனந்த குமாரசுவாமி, கதிர்காமர் என்று தமிழ்ப் பெரியார்களின் பெயர்கள். 2012 செப்ரெம்பரில் முகாம் மூடப்பட்டதாக அறிவிக்கப்பட்டபோது, கடைசியாக ஏற்றப்பட்ட கேப்பாப்புலவு மக்கள் தங்கள் காணிகளில் இறக்கப்படவில்லை, சீனியாமோட்டையில் இறக்கப்பட்டார்கள். படிவங்களில் அதற்குப் பெயர் மீள்குடியேற்றம்.

இந்தப் படம் எங்களைப் பற்றியதல்ல. அதன் வேர் தென்னாபிரிக்காவில், டிஸ்ட்ரிக்ட் சிக்ஸின் இடிபாடுகளில், அலெக்ஸான்ட்ராவின் வீதிகளில் இருக்கிறது. ஆனால், துரத்துவதை ‘மாற்றுதல்’ என்றும், வேலியைப் ‘பாதுகாப்பு’ என்றும், விளங்காமல் வைத்த ஒப்பத்தைச் ‘சம்மதம்’ என்றும் எழுதும் மொழி எந்த நாட்டிலும் ஒன்றுதான். அந்த மொழியை வாசிக்கப் பழகிக்கொள்ள இந்தப் படம் உதவும். ஒரு திட்டத்தின் பெயர்ப்பலகையைக் காணும்போது, இந்தப் பெயரை வைத்தது யார், இதற்குள் இருப்பவர்களிடம் கேட்டார்களா என்று யோசிக்கத் தோன்றும். அதே கேள்வியை, எங்கள் ஊருக்குப் பிழைக்க வந்த வேறு யாரையாவது பற்றி நாங்கள் பேசும்போதும் கேட்டுக்கொள்ளத் தோன்றினால், படம் தன் வேலையைச் செய்துவிட்டது என்று சொல்லலாம்.

படத்தின் முடிவில் கிறிஸ்தோபரும் மகனும் விண்கலத்தில் ஏறிப் போகிறார்கள். மூன்று ஆண்டுகளில் திரும்பி வருவதாக விக்கஸிடம் சொன்ன வாக்கு மட்டும் மிஞ்சுகிறது. விக்கஸின் மனைவியின் வீட்டுவாசலில் யாரோ தகரத்தால் செய்த பூ ஒன்றை வைத்துவிட்டுப் போயிருக்கிறார்கள். கடைசிக் காட்சியில், முழுதாக உருமாறிய ஒருவர் குப்பைமேட்டில் இருந்து அப்படியொரு பூவைச் செய்துகொண்டிருக்கிறார். டிஸ்ட்ரிக்ட் 9 இடிக்கப்பட்டுவிட்டது. டிஸ்ட்ரிக்ட் 10 இல் இப்போது 25 லட்சம் பேர். தொகை இன்னும் கூடிக்கொண்டிருக்கிறது என்ற அறிவித்தலோடு படம் முடிகிறது.